போர்ட்டிங் செய்த பிறகு வண்டி இழுக்கவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

"அண்ணா, இன்டேக் போர்ட்டைப் பெருசு பண்ணினேன். சத்தம் செமயா இருக்கு, ஆனா செகண்ட் கியர்ல தூக்கவே மாட்டேங்குது." பெங்களூரில் ஹலசூர், சிவாஜி நகர் பக்கம் ரேஸ் பைக் ஹெட் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும், வாரம் தவறாமல் காதில் விழும் புகார் இதுதான் என்பார்கள். வண்டி மாறும், ஆள் மாறும், கதை மாறாது. போர்ட்டிங் என்றால் சிலிண்டர் ஹெட்டில் காற்று போய்வரும் வழியை (போர்ட்டை) அரைத்துப் பெரிதாக்குவது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, எந்த அறிகுறிக்கு எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது 150 முதல் 400 சிசி வரையுள்ள, ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கானது. ஆர்எக்ஸ் 100, 135 வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் போர்ட்டின் உயரமே டைமிங் ஆகிவிடுவதால் அங்கே கணக்கே வேறு.

இன்னொன்று. நீங்கள் ஓடும் ரேஸ் வகுப்பில் போர்ட்டிங்குக்கு அனுமதி உண்டா என்று விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டுக் கிரைண்டரை எடுங்கள். ஸ்டாக் வகுப்பில் (கம்பெனி எஞ்சினை மாற்றாமல் ஓடுவது) ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் கிரைண்டர் தடம் அப்படியே தெரியும்.

கிளம்பும் முன் ஒரு கணக்கு

போர்ட் பெரிதா சிறிதா என்று கண்ணால் சொல்ல முடியாது. உள்ளே காற்று என்ன வேகத்தில் போகிறது என்பதுதான் பதில் சொல்லும். அதைக் கண்டுபிடிக்கக் கால்குலேட்டர் போதும்.

பிஸ்டனின் சராசரி வேகம் = 2 × ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், மீட்டரில்) × ஆர்பிஎம் ÷ 60. இதை (போரின் பரப்பு ÷ போர்ட்டின் பரப்பு) என்பதால் பெருக்கினால் போர்ட்டில் காற்றின் சராசரி வேகம் வந்துவிடும். போர் என்பது சிலிண்டரின் உள்விட்டம்.

பல்சர் 220-ஐ எடுத்துக்கொள்வோம். போர் 67 மி.மீ., ஸ்ட்ரோக் 62.4 மி.மீ. உச்ச பவர் வருகிற 8,500 ஆர்பிஎம்-ல் பிஸ்டன் வேகம் வினாடிக்கு 17.7 மீட்டர். போரின் பரப்பு 3,526 சதுர மி.மீ. போர்ட்டின் மிகக் குறுகிய இடம் 28 மி.மீ. விட்டம் என்றால் காற்றின் வேகம் வினாடிக்கு 101 மீட்டர். 30 மி.மீ. ஆக்கினால் 88. 32 ஆக்கினால் 78. ஆசைப்பட்டு 34 வரை போனால் 69.

நாங்கள் வைத்திருக்கும் வரம்பு இது: உச்ச பவர் ஆர்பிஎம்-ல் 90-க்கும் 105-க்கும் நடுவில் இருந்தால் நல்ல போர்ட். 115-ஐத் தாண்டினால் மேலே மூச்சு முட்டும். 80-க்குக் கீழே இறங்கினால் இழுவை போய்விடும். இவை சராசரி எண்கள். பிஸ்டன் நடுவழியில் இருக்கும்போது அதன் வேகம் சராசரியைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு வரை ஏறும், காற்றும் கூடவே ஏறும். அதனால்தான் 115 என்பதே ஒற்றை சிலிண்டருக்குத் திணறல் எல்லையாகிவிடுகிறது.

இதே எஞ்சினை ரேஸ் கேம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு) போட்டு 10,000 ஆர்பிஎம்-ல் பவர் எடுக்கப் போகிறீர்கள் என்றால் 28 மி.மீ. போர்ட்டில் வேகம் 119 ஆகிவிடும், போதாது. 30 மி.மீ. என்றால் 104, 31 என்றால் 97. ஆக, ஒரே எஞ்சினுக்கு எந்த ஆர்பிஎம்-ல் பவர் வேண்டும் என்பதைப் பொறுத்து 28-ம் சரி, 31-ம் சரி. "ஃப்ரெண்டு 32 பண்ணினான், நானும் பண்ணினேன்" என்பது இங்கே செல்லாது.

அளப்பது எப்படி? போர்ட்டின் வாயில் மட்டும் வெர்னியர் வைத்து அளப்பதால் பயனில்லை, ஏனென்றால் குறுகல் உள்ளேதான் இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மில்லி ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வால்வை மூடி, அது உட்காரும் சீட்டில் லேசாக கிரீஸ் தடவி, போர்ட் வாய் மேலே பார்க்கிற மாதிரி ஹெட்டை மட்டமாக நிறுத்தி, மண்ணெண்ணெயை விளிம்பு வரை நிரப்புங்கள். எத்தனை மில்லி பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போர்ட்டின் நடுக்கோட்டில் ஒரு மெல்லிய கம்பியை வளைத்து விட்டு நீளம் பாருங்கள். 42 மில்லி பிடித்து, நீளம் 65 மி.மீ. என்றால் சராசரிப் பரப்பு 646 சதுர மி.மீ., அதாவது 28.7 மி.மீ. விட்டத்துக்குச் சமம். குறுகலான இடம் இதைவிடச் சிறிதாக இருக்கும், வால்வ் கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னும் சிறிது. அதைப் பந்து முனை கேஜால் தனியாக அளக்க வேண்டும்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கீழே போங்கள்.

அறிகுறி: கீழே இழுவை இல்லை, மேலே பரவாயில்லை

அதிகம் வருவது இதுதான். போர்ட் பெரிதாகிவிட்டது என்று முடிவு கட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்றாவது கியர், 4,000 ஆர்பிஎம். முதலில் த்ராட்டிலைப் பாதி மட்டும் திறந்து பாருங்கள். அடுத்து அதே இடத்திலிருந்து ஒரே மூச்சில் முழுதாகத் திறந்து பாருங்கள். இதை டைனோவில் (பின்சக்கரத்தை உருளையில் ஓடவிட்டு பவர் அளக்கும் கருவி) செய்யுங்கள், நைஸ் ரோடு மாதிரி பொதுச் சாலையில் வேண்டாம்.

*பாதியில் இழுக்கிறது, முழுதாகத் திறந்தால் செத்துவிடுகிறது:* கார்புரேட்டர் பக்கம்தான் கோளாறு, ஹெட்டை விட்டுவிடுங்கள். போர்ட்டிங்கோடு சேர்த்துப் பெரிய கார்ப் போட்டவர்களுக்கு இது நிச்சயம் வரும். கார்ப்பின் குறுகலான கழுத்தான வெஞ்சுரியில் காற்று மெதுவாகப் போவதால் பெட்ரோலை உறிஞ்சும் இழுப்பு குறைகிறது. கார்ப்பின் ஊசியான நீடிலை ஒரு க்ளிப் உயர்த்திப் பாருங்கள், அப்புறம் பைலட் ஜெட் (த்ராட்டில் குறைவாகத் திறக்கும்போது பெட்ரோல் விடும் துளை) ஒரு அளவு கூட்டிப் பாருங்கள். இரண்டும் உதவவில்லை என்றால் பழைய கார்ப்பை மாட்டி ஒரு ரன் எடுங்கள். பழைய கார்ப்பில் இழுவை திரும்பினால் விடை கிடைத்துவிட்டது. செலவும் இல்லை.

*பாதியிலும் இழுக்கவில்லை:* இப்போது வரிசையாகப் போக வேண்டும்.

முதலில் காற்றுக் கசிவு. கார்ப் ரப்பரில் வெடிப்பு, கிளாம்ப் தளர்வு, கேஸ்கெட் மடிப்பு. ஓடும் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலோ க்ளீனரோ அடித்துப் பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், தீப்பிடிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வுகள் மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, கார்ப் வாயை அடைத்து, சைக்கிள் பம்பால் லேசாகக் காற்று கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் கசிவு.

அடுத்து டாப்பெட் க்ளியரன்ஸ், அதாவது வால்வ் தண்டுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. சீட் வெட்டிய பிறகு வால்வ் மேலே ஏறிவிடும், க்ளியரன்ஸ் குறையும். வேலை முடிந்த அன்று சரியாக இருந்தது, நாலு ஹீட் சைக்கிளுக்குப் பிறகு இறுகிவிட்டது என்பது சகஜம். ஃபீலர் கேஜால் திரும்பப் பாருங்கள்.

கம்ப்ரஷன். ஹெட்டைத் திறந்து மூடியிருக்கிறீர்கள், அதனால் கேஜ் போட்டே ஆக வேண்டும். குறைவாகக் காட்டினால் ஹெட்டை இறக்கி, பிளக் மாட்டி, வால்வுகள் மூடிய நிலையில் போர்ட்டில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுங்கள். சில நிமிடம் கழித்து சேம்பர் பக்கம் வால்வ் விளிம்பில் ஈரம் தெரிந்தால் சீட் பிடிக்கவில்லை.

கேம் டைமிங். செயின் ஒரு பல் தாண்டி மாட்டப்பட்டிருந்தால் கீழ் இழுவை அப்படியே காணாமல் போகும். மார்க்கைப் பார்க்க ஐந்து நிமிடம்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் தாளை எடுங்கள். வேகம் 80-க்குக் கீழே என்றால் போர்ட் பெரிதாகிவிட்டது. இனி மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, போர்ட்டின் தரைப் பக்கத்தில் பெட்ரோல் தாங்கும் எபாக்ஸி கட்டி பரப்பைக் குறைப்பது. தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பசையெல்லாம் பெட்ரோலில் ஊறி விட்டுவிடும். உள்ளே விழுந்தால் வால்வும் பிஸ்டனும் போகும். பரப்பைக் கரடாக்கி, சுத்தமாக எண்ணெய் நீக்கி, முழுசாகக் காயவிட்டுச் செய்தால் இன்டேக் பக்கச் சூட்டை நல்ல எபாக்ஸி தாங்கும். எக்ஸாஸ்டில் கனவிலும் வேண்டாம். இரண்டு, அலுமினிய வெல்டிங் போட்டுத் திரும்பச் செதுக்குவது. மூன்று, புது ஹெட். இந்த அளவு வண்டிகளுக்கு ஜே.சி. ரோட்டில் ஸ்டாக் ஹெட் கிடைத்தால் வெல்டிங் போட்டு, சீட் மாற்றி, கைடு மாற்றுகிற செலவைவிட அது மலிவாக முடியலாம். விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். என் யோசனை, எபாக்ஸியை ஒரு சோதனையாகப் பயன்படுத்தி சரியான அளவைக் கண்டுபிடித்துவிட்டு, ரேஸுக்கு அதே அளவில் புது ஹெட் செய்வதுதான்.

*எங்கே நிறுத்த வேண்டும்:* வெல்டிங் உங்கள் வேலை இல்லை. வெல்டிங் சூட்டில் ஹெட் வளையும், சீட் தளரும். ஹெட்டை மட்டும் செய்கிற மெஷின் ஷாப்புக்குப் போக வேண்டும்.

அறிகுறி: மேலே மூச்சு முட்டுகிறது

8,000 வரை பறக்கிறது, அப்புறம் ஊசி நகர மறுக்கிறது. "போர்ட் பத்தலை" என்று உடனே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் போர்ட் அதற்குக் காரணமாக இருக்காது.

பெட்ரோல் டாங்கின் மூடியைத் தளர்த்திவிட்டு ஒரு ரன் எடுங்கள். சரியாகிவிட்டால் மூடியின் மூச்சுத் துளை அடைப்பு. அடுத்து, கார்ப்புக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் விழுகிறது என்று அளங்கள். 20 குதிரைத்திறன் எஞ்சின் முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 100 முதல் 120 மில்லி அளவில் குடிக்கும். அதைப் போல இரண்டு மடங்காவது விழ வேண்டும். ஃப்ளோட் உயரத்தையும் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் அதே ஆர்பிஎம்-ல் கத்தி வைத்தது மாதிரி வெட்டுகிறதா? பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ-யின் ரெவ் லிமிட்டாக இருக்கலாம். வெட்டும்போது மேலே வால்வ் பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் வால்வ் ஃப்ளோட், அதாவது ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியவில்லை. சீட்டை வெட்டும்போது வால்வ் ஹெட்டுக்குள் மேலே ஏறுகிறது, ஸ்பிரிங் உட்காரும் உயரம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. ஹெட் வேலை செய்த பிறகு இது திடீரென்று தோன்றினால் ஸ்பிரிங்குக்கு அடியில் ஷிம் (மெல்லிய வளையம்) போட மறந்திருக்கிறார்கள்.

பிறகு ஏர் பாக்ஸ். இதற்கு நாங்கள் செய்யும் கருவி ஒன்று. ஒரு மீட்டர் நீளம் கண்ணாடி போலத் தெரியும் பெட்ரோல் ட்யூபை ஒரு பலகையில் யு வடிவில் கட்டி, பாதி வரை நீல மை கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஏர் பாக்ஸுக்குள் 3 மி.மீ. துளை போட்டுச் செருகுங்கள், மறு முனை வெளியே திறந்திருக்கட்டும். ஒற்றை சிலிண்டர் இழுக்கிற துடிப்பில் தண்ணீர் துள்ளி வெளியே வந்துவிடும். அதனால் ட்யூபின் வழியில் பழைய மெயின் ஜெட் (கார்ப்பில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பாகம்) ஒன்றைச் செருகிவிடுங்கள், துள்ளல் அடங்கி நின்று காட்டும். டைனோவில் முழு த்ராட்டிலில், உச்ச ஆர்பிஎம்-ல், இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? 10 செ.மீ. என்றால் எஞ்சினுக்குக் கிடைக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு ஃபில்டரிலேயே போகிறது. 20 செ.மீ. தாண்டினால் ஃபில்டரையும் ஏர் பாக்ஸ் வாயையும் கவனிக்காமல் போர்ட்டைத் தொடுவது வீண்.

இவை எல்லாம் சுத்தம், தாளில் வேகம் 115-ஐத் தாண்டுகிறது என்றால் சரி, இப்போது எங்கே குறுகல் என்று பாருங்கள். போர்ட் முழுவதும் பெரிதாக்க அவசியமே இருக்காது. சீட்டுக்கு அடியிலுள்ள கழுத்து வால்வ் விட்டத்தில் 85 முதல் 90 விழுக்காடு இருக்க வேண்டும். 33 மி.மீ. வால்வ் என்றால் 28 முதல் 29.7 மி.மீ. அதற்குக் கீழே இருந்தால் அங்கே மட்டும் கை வையுங்கள். வால்வ் கைடின் நீட்டலைச் சுற்றிக் கொஞ்சம் ஒல்லியாக்குவதும் பெரும்பாலும் நல்ல பலன் தரும்.

அப்புறம் கேம் லிஃப்ட்டையும் (கேம் வால்வை எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதையும்) பார்த்துக்கொள்ளுங்கள். 33 மி.மீ. வால்வ் 7 மி.மீ. திறந்தால் அதன் விளிம்பைச் சுற்றிக் கிடைக்கும் வழி 726 சதுர மி.மீ. இது 30.4 மி.மீ. விட்டமுள்ள ஓட்டைக்குச் சமம். அந்தக் கேமை வைத்துக்கொண்டு போர்ட்டை 32 ஆக்குவதில் ஒரு பயனும் இல்லை, வால்வ் அதற்குமேல் விடாது.

*எங்கே நிறுத்த வேண்டும்:* சீட்டை நீங்கள் கிரைண்டரால் தொட்ட நொடியில் மூன்று கோண வெட்டு திரும்பப் போட வேண்டும். அது சீட் கட்டர் உள்ள கடையின் வேலை. வால்வ் பெரிதாக்குவதும் அப்படியே.

அறிகுறி: நடுவில் ஒரு குழி

கீழேயும் இழுக்கிறது, மேலேயும் இழுக்கிறது, 5,500-க்கும் 6,500-க்கும் நடுவில் மட்டும் தொய்கிறது. நீடிலை ஒரு க்ளிப் மேலே, ஒரு க்ளிப் கீழே வைத்து இரண்டு ரன் எடுங்கள். குழியின் ஆழம் மாறினால் ஜெட்டிங், அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மாறவில்லை என்றால் டைனோவில் அந்த ஆர்பிஎம்-ல் பிடித்து நிறுத்தி, கார்ப்பின் வாயைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வெள்ளைப் புகை போலப் பெட்ரோல் துளிகள் வெளியே தள்ளி மிதக்கும். காற்று திரும்பி வருகிறது என்று பொருள். பெரிய கேம் போட்ட எஞ்சினில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஆனால் வாயைத் தாண்டி விரல் நீளத்துக்கு நின்றால் கவனிக்க வேண்டும். கார்ப்பைக் கழற்றிப் பார்த்தால் போர்ட்டுக்குள் கரி படிந்திருக்கும்.

முதல் சந்தேகம் ரப்பருக்கும் போர்ட்டுக்கும் நடுவிலுள்ள படி. கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் மார்க்கர் மை தடவி, மாட்டி, கழற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் உலோகம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மை சொல்லிவிடும். ரப்பரின் ஓட்டை போர்ட்டைவிட அரை மி.மீ. சிறிதாக இருந்தால் தொந்தரவில்லை, திரும்பி வரும் காற்றை அது தடுக்கவும் செய்யும். ரப்பர் பெரிதாக இருந்து போர்ட்டின் விளிம்பு உள்ளே வரும் காற்றுக்குக் குறுக்கே நின்றால்தான் தொல்லை. கேஸ்கெட் தொங்குவதையும் பிளேடால் நறுக்கிவிடுங்கள்.

அது சரியாக இருந்தால் நீளம். ரப்பருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் 10, பிறகு 20 மி.மீ. ஸ்பேசர் வைத்துப் பாருங்கள். இன்டேக் வழி நீண்டால் குழி கீழ் ஆர்பிஎம் பக்கம் நகரும். நகர்ந்தால் காரணம் நீளம்தான், போர்ட் அளவு இல்லை. ஒரு துளிகூட நகரவில்லை என்றால் எக்ஸாஸ்ட் பைப்பின் நீளத்தைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் அலைகள் கொடுக்கும் குழியை இன்டேக் பக்கம் எத்தனை செதுக்கினாலும் நிரப்ப முடியாது.

அறிகுறி: ஃப்ளோ பெஞ்சில் எண் ஏறியது, டைனோவில் பவர் ஏறவில்லை

மனசுக்கு மிகவும் கஷ்டமான நிலை இது, ஏனென்றால் காசு கொடுத்து வேலை செய்து, கையில் எண்ணும் வாங்கியிருப்பீர்கள்.

ஃப்ளோ பெஞ்ச் என்பது ஹெட் வழியாகக் காற்றை உறிஞ்சி, நிமிடத்துக்கு எத்தனை கன அடி (சிஎஃப்எம்) போகிறது என்று அளக்கும் கருவி. முதலில் அந்த எண்கள் ஒப்பிடக்கூடியவைதானா? ஒரு கடை 10 அங்குலத் தண்ணீர் அழுத்தத்தில் அளக்கும், இன்னொன்று 28 அங்குலத்தில். 10 அங்குலத்தில் 60 சிஎஃப்எம் என்பது 28 அங்குலத்தில் 100 சிஎஃப்எம். ஸ்டாக் ஹெட்டை ஒரு கடையிலும் போர்ட் செய்த ஹெட்டை இன்னொரு கடையிலும் அளந்திருந்தால் அந்தத் தாள்களைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு ஹெட்டையும் ஒரே பெஞ்சில், ஒரே நாளில், போர்ட் வாயில் ஒரே மாதிரி களிமண் வளையம் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

டைனோவுக்கும் இதே கதைதான். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 10 விழுக்காடு குறைவு. டைனோ மென்பொருளில் திருத்தம் போட்ட எண்ணுக்கும் போடாத எண்ணுக்கும் அதே அளவு வித்தியாசம் வரும். முந்தைய ரன் திருத்தத்தோடு, புதிய ரன் திருத்தம் இல்லாமல் என்றால், வேலை செய்த ஹெட்டே பவர் குறைந்ததாகக் காட்டும். தாளின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். டயர் காற்று, கியர், எண்ணெய்ச் சூடு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும்.

இதற்கும் மேல் வித்தியாசம் இருந்தால், ஃப்ளோ ஏறியது எந்த லிஃப்ட்டில் என்று பாருங்கள். உங்கள் கேம் 7 மி.மீ.தான் தூக்கும் என்றால் 9 மி.மீ.-ல் ஏறிய எண் தாளில் மட்டும்தான் இருக்கும். 2 முதல் 5 மி.மீ. வரை எண் குறைந்திருந்தால் சீட்டின் கோணங்களை யாரோ கெடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, வேகம். பெஞ்ச் ஒரே சீராக உறிஞ்சும், எஞ்சின் விட்டுவிட்டு உறிஞ்சும். பெரிய, மந்தமான போர்ட் பெஞ்சில் நல்ல எண் காட்டிவிடும். ஆனால் பிஸ்டன் கீழே போய்த் திரும்பிய பிறகும் வால்வ் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கிறதல்லவா, அந்த நேரத்தில் உள்ளே தள்ளிக்கொண்டு வருவது காற்றின் வேகம் மட்டும்தான். வேகம் இல்லாத போர்ட்டில் அந்தக் கடைசிப் பங்கு வராது, வந்ததும் திரும்பிப் போகும். அதனால் பெஞ்சுக்குப் போகும்போது சிஎஃப்எம் மட்டும் கேட்காதீர்கள். பிட்டாட் குழாய் விட்டு போர்ட்டின் மேல், கீழ், இரு பக்கமும் வேகம் அளந்து தரச் சொல்லுங்கள்.

அந்த அளவில் மிக முக்கியமான இடம் வால்வுக்குச் சற்று முன்னால் தரைப் பக்கமுள்ள உள் வளைவு. கை எட்டுவதால் எல்லோரும் அங்கேதான் அரைக்கிறார்கள், அங்கேதான் அரைக்கக் கூடாது. வளைவு கூர்மையானால் காற்று தரையை விட்டுப் பிய்த்துக்கொள்ளும். பெஞ்சில் 6 மி.மீ. லிஃப்ட்டைத் தாண்டியதும் எண் ஏறாமல் நிற்கும் அல்லது இறங்கும், சீறலாக இருந்த சத்தம் கரகரப்பாகும். மெல்லிய கம்பி நுனியில் நூல் கட்டி உள்ளே நீட்டினால், பிய்த்துக்கொண்ட இடத்தில் நூல் ஓட்டத்தோடு நிற்காமல் சுழன்று அடிக்கும்.

*எங்கே நிறுத்த வேண்டும்:* உள் வளைவு போய்விட்டது என்று தெரிந்தால் மேற்கொண்டு எதையும் அரைக்காதீர்கள். தரையை நிரப்பிக் கூரையை உயர்த்துவது பெஞ்ச் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்குத்தான் முடியும்.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, பிளக் நனைகிறது

சோக், பிளக் இடைவெளி, பைலட் ஸ்க்ரூ பாருங்கள். சரியாக இருந்தால் போர்ட்டுக்குள் டார்ச் அடியுங்கள். முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்தால் பெட்ரோல் சுவரில் படிந்து வழிந்து மொத்தமாக உள்ளே விழும். 80 முதல் 120 எண் எமரி பேப்பரால் இன்டேக் சுவரைக் கரடாக்கினால் போதும். பாலிஷ் எக்ஸாஸ்டுக்கு இருக்கட்டும்.

அறிகுறி: பெங்களூரில் அருமை, இருங்காட்டுக்கோட்டையில் சூடாகிறது

இங்கே ட்யூன் செய்து, ஓசூர் இறங்கி, கிருஷ்ணகிரி தாண்டி சென்னைப் பக்கமுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போனதும் வண்டி வேறு வண்டியாகிவிடும். கீழே காற்று கனம். கார்ப் அதற்கு ஏற்ற பெட்ரோலைத் தானாகக் கூட்டாது, அதனால் கலவை லீன் ஆகிறது (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை). கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்குப் போனாலும் இது உண்டு, ஆனால் கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கொஞ்சம் குறைவாக இருக்கும். இதோடு பெட்ரோலும் மாறியிருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 10 விழுக்காடு கலந்ததைவிட ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய ஜெட்டிங் அப்படியே இருந்தால் இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

இங்கே யாராவது "போர்ட்தான் காரணம்" என்றால் நம்பாதீர்கள். போர்ட்டில் காற்றின் வேகம் பிஸ்டன் உறிஞ்சும் கன அளவைப் பொறுத்தது, அந்தக் காற்றின் எடையைப் பொறுத்தது இல்லை. பெங்களூரில் வினாடிக்கு 100 மீட்டர் என்றால் சென்னையிலும் அதே 100 மீட்டர்தான். ஊர் மாறினால் ஜெட்டை மாற்றுங்கள், ஹெட்டை விட்டுவிடுங்கள்.

முதல் பயிற்சி ஓட்டத்துக்கு முன்பே மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு அளவு கூட்டிக்கொண்டு இறங்குங்கள். ரிச் (பெட்ரோல் கூடுதல்) பக்கமிருந்து குறைத்துக்கொண்டு வருவதுதான் பிஸ்டனுக்குப் பாதுகாப்பு. வைட்பேண்ட் சென்சார் இருந்தால் முழு த்ராட்டிலில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதத்தின் அளவு, 1-க்குக் கீழே என்றால் ரிச்) 0.86-க்கும் 0.90-க்கும் நடுவில் நிற்க வேண்டும். எண்ணை லாம்டாவிலேயே படியுங்கள், எத்தனால் எவ்வளவு கலந்திருந்தாலும் அது ஏமாற்றாது. இன்ஜெக்ஷன் வண்டியில் காற்றழுத்த சென்சார் வேலை செய்தால் எஞ்சின் கணினியான இசியூ பார்த்துக்கொள்ளும். த்ராட்டில் கோணத்தை மட்டும் நம்பி மேப் போட்ட பிக்கிபேக் (இசியூவோடு சேர்த்து மாட்டும் துணைக் கருவி) என்றால் கார்ப் மாதிரியேதான், எரிபொருளைக் கூட்ட வேண்டும்.

சென்சார் இல்லாதவர்கள் நேர்கோட்டின் கடைசியில் முழு த்ராட்டிலில் கிளட்ச் பிடித்து, கில் சுவிட்ச் அடித்து, பின்னால் வருபவர்களுக்குக் கை காட்டி ஓரமாக வந்து பிட்டில் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் சுத்த வெள்ளை என்றால் இன்னும் ஜெட் கூட்ட வேண்டும். பீங்கானில் மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியத் துணுக்குகளோ தெரிந்தால் நாக் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) ஆரம்பித்துவிட்டது. வண்டியை அதற்குமேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள், அன்றைய ரேஸ் போனாலும் பரவாயில்லை. எஞ்சின் கட்டியவரிடம் அந்தப் பிளக்கைத் துடைக்காமல் அப்படியே கொடுங்கள். ஹெட்டைத் திறந்து பிஸ்டன் விளிம்பைப் பார்ப்பதும், கம்ப்ரஷனைக் குறைப்பதா டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவதா என்று முடிவெடுப்பதும் அவர் வேலை.